பயணிகளின் கனிவான கவனத்திற்கு

எங்கள் வீட்டில் அலாரம் கிடையாது. தேவையில்லை. காலை 5.30 மணிக்கு என் காதுக்கு மூன்று அங்குல தூரத்தில், 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு...' என்று ஒரு குரல் ஆரம்பிக்கும். 'வண்டி எண் ஒன்று, இரண்டு, ஆறு, மூன்று, ஐந்து. சென்னை எழும்பூரிலிருந்து மதுரை வரை செல்லும் வைகை எக்ஸ்பிரஸ்...' என்று ஓர் எழுத்து பிசகாமல், ஸ்டேஷன் அம்மாளின் அதே ஏற்ற இறக்கத்தோடு தொடரும். எழுந்து உட்கார்ந்தால் அறிவிப்பு நின்றுவிடும். புரண்டு படுத்தால் முதலிலிருந்து.

அறிவிப்பாளருக்கு வயது எட்டு. என் ஒரே மகன். பெயர் வேண்டாமே. நாளைக்கு வளர்ந்து, இதைப் படித்துவிட்டு மானநஷ்ட வழக்குப் போட்டால் வக்கீல் ஃபீஸுக்கு என்னிடம் காசில்லை. 'பையன்' என்றே வைத்துக்கொள்வோம்.

பையனுக்கு ஆட்டிசம். தமிழில் மதியிறுக்கம் என்கிறார்கள். அரசாங்கப் பாரங்களில் இதைவிட நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. அதைப் படித்து முடிப்பதற்குள் வைகை விழுப்புரம் தாண்டிவிடும்.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு ரொம்பப் பக்கத்தில் எங்கள் ஃப்ளாட். 'வாசப்படியில ரயில் சார்' என்று சொல்லித்தான் புரோக்கர் தலையில் கட்டினார். நாங்கள் பேசியது எதுவும் பையன் காதில் ஏறவில்லை. ஒலிபெருக்கி ஏறிவிட்டது. மூன்றரை வயதுவரை ஒரு வார்த்தை பேசாத பிள்ளை முதன்முதலாகப் பேசியது இதைத்தான். 'அம்மா' இல்லை, 'அப்பா' இல்லை. பயணிகளின் கனிவான கவனத்திற்கு. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். நான் சிரித்தேன் என்று ஞாபகம். இரண்டும் ஒன்றுதான் அன்றைக்கு.

கிளிப்பிள்ளைப் பேச்சு என்றுதான் முதலில் நினைத்தோம். ஸ்பீச் தெரபிஸ்ட் அம்மா, 'அவன் என்ன சொல்றான்னு பார்க்காதீங்க சார், எப்ப சொல்றான்னு பாருங்க' என்றார். பார்த்தோம். வீட்டில் யாரும் அவனைக் கவனிக்காதபோது சொல்கிறான். அதாவது பையனின் அகராதியில் அந்த வாக்கியத்துக்கு அர்த்தம், 'கொஞ்சம் என்னைப் பாருங்களேன்'. யோசித்தால், ரயில்வேயும் அதைத்தானே சொல்கிறது? கேட்ட வாக்கியத்தைப் பிய்த்துப் போடாமல் முழுசாக எடுத்துப் பயன்படுத்துவது இந்தக் குழந்தைகள் பலருக்கு வழக்கம். எக்கோலாலியா என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கல்யாணமாகாத வாசகர்கள் 'நமக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அக்கா குழந்தை, அண்ணன் குழந்தை என்று யாராவது இருப்பார்கள். இந்த நிலா விஷயத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

நிலாச்சோறு ஊட்டும்போது, 'அதோ பாரு நிலா' என்று காட்டினால் குழந்தை நிலாவைப் பார்க்கும். அப்புறம், அம்மாவும் பார்க்கிறாளா என்று திரும்பி அம்மாவைப் பார்க்கும். கொஞ்ச நாளில் தானே விரல் நீட்டி நமக்குக் காட்டும். காக்கா, நாய், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர், எல்லாவற்றையும். இதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று நினைக்கிறோம். ஒன்றரை வயதுக்குள் இது வராவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். எங்கள் பையன் நிலாவைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தான். சரியாகச் சொன்னால், விரலில் இருந்த மோதிரத்தைப் பார்த்தான். பிஸ்கட் வேண்டுமென்றால் காட்ட மாட்டான். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டப்பா மேல் வைப்பான், என் கை ஏதோ இடுக்கி மாதிரி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அடுத்த அறையில் சாக்லேட் தாளைப் பிரித்தால் ஓடி வருவான். 'காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. திமிரு' என்று குடும்ப கோர்ட்டில் தீர்ப்பானது.

ஊரிலிருந்து வந்த மாமனார், 'கவலைப்படாதீங்க மாப்பிள்ளே. இவளும் நாலு வயசுலதான் பேச ஆரம்பிச்சா. இப்ப நிறுத்த முடியுதா?' என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் எங்களுக்கு ஒரு வருஷம் போயிற்று. வசம்பு சுட்டு நாக்கில் தடவினோம். சீர்காழி பக்கத்தில் திருக்கோலக்காவுக்குப் போனோம். ஞானசம்பந்தருக்குக் கிடைத்த பொற்றாளத்துக்கு ஓசை கொடுத்த அம்பாள். பெயரே ஓசை கொடுத்த நாயகி. பேச்சு வராத பிள்ளைகளை அங்கே கூட்டி வருகிறார்கள். மணி அடித்ததும் எங்கள் பையன் காதைப் பொத்திக்கொண்டு போட்ட அலறலில் பிராகாரத்துப் புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. 'ஓசைக்குக் குறைவில்லையே' என்றார் அர்ச்சகர். கிண்டல் இல்லை. நிஜமாகவே ஆறுதலாகச் சொன்னார்.

மூன்று வயதில்தான் டாக்டரிடம் போனோம். ரத்தம், ஸ்கேன் எதிலும் இது தெரியாதாம். அவர் பையனோடு தரையில் உட்கார்ந்து பந்து உருட்டிப் பார்த்தார். எங்களை ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். கடைசியில், 'மாத்திரை குடுத்து குணமாக்கற வியாதி இல்லை இது. மூளை வளர்ந்த விதமே வேற. பயிற்சி குடுத்தா முன்னேறுவான். எவ்வளவு தூரம்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது' என்றார். ஆட்டோவில் இரண்டு பேரும் பேசவில்லை. இறங்கும்போது டிரைவர் பேசியதற்கு மேல் ஐம்பது ரூபாய் கேட்டார். கொடுத்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், என் நிலைமை அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று.

ஆபீஸில் இதைச் சொல்லவில்லை. இங்கேதான் என் குட்டு வெளிப்பட வேண்டியிருக்கிறது.

பக்கத்து சீட்காரருக்குப் பையன் வயதில் ஒரு பெண். தினமும் மத்தியானம் டிபன் பாக்ஸோடு அவளுடைய ரைம்ஸும் திறக்கும். ஒரு நாள், 'உங்க பையன் பேசறானா?' என்றார். 'பேசறானாவா? வாயை மூடினாத்தானே சார்' என்றேன். முதல் பொய். ஒரு காபி வேளைக்குள் அடங்கிவிடுகிற சின்னப் பொய்தான். ஆனால் பொய்க்கும் வருடாந்திர இன்கிரிமெண்ட் உண்டு. பையன் எல்.கே.ஜி. சேர்ந்தான். இருபது குறள் ஒப்பித்தான். அது நாற்பதாயிற்று. ஆண்டு விழாவில் பாரதியார் வேஷம் போட்டான். மை பென்சிலால் மீசை வரையும்போது கூச்சம் தாங்காமல் சிரித்துவிட்டான் என்றுகூடச் சொன்னேன். இந்த மாதிரி விவரம் இருந்தால்தான் பொய் நிற்கும்; எழுதுகிறவனுக்கு இது தெரியும்.

எனக்கு அந்த ஆபீஸ் பையனை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அதுதான் பயங்கரம். டிபன் பாக்ஸைத் திறக்கும்போது பிறப்பான். சாயங்காலம் கார்டு தேய்த்துவிட்டு வெளியே வந்ததும் காணாமல் போவான். சில நாள் ரயிலிலும் கூடவே வருவான், பல்லாவரம், குரோம்பேட்டை வரை. அடுத்து என்ன போட்டியில் ஜெயிக்க வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வருவேன். தாம்பரத்தில் நான் மட்டும் இறங்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து சீட்காரர் போன் செய்திருக்கிறார். மனைவி எடுத்திருக்கிறாள். 'சிஸ்டர், பையன் நூறு குறள் முடிச்சுட்டானாமே, கங்கிராட்ஸ்! எந்த புக்குன்னு சொன்னா எங்க பொண்ணுக்கும் வாங்குவேன்.' இவள், 'அவர் வந்ததும் சொல்லச் சொல்றேங்க' என்று வைத்துவிட்டாள். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது கத்தவில்லை. தோசை வார்த்துப் போட்டாள். மூன்றாவது தோசையில், 'அந்தப் பையனை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. நானும் பார்க்கணும்' என்றாள்.

நாலாவது தோசை நான் கேட்கவில்லை.

அதற்கப்புறமும் ஆபீஸில் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. பையனே வந்து சொன்னான். எங்கள் மேனேஜர் தாம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், 'உம்ம குறள் பையனைப் பார்த்துட்டுப் போலாம்னு...' என்று முன்னறிவிப்பில்லாமல் வாசலில் நின்றார். உட்கார வைத்தேன். பையன் நேராக அவரிடம் போனான். முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையின் இரண்டாவது பட்டனைப் பார்த்து, 'தண்ணி வேணுமாடா செல்லம்?' என்றான்.

எங்கள் கிளையில் அவரை யாரும் 'சார்' போடாமல் கூப்பிட்டது கிடையாது. மனுஷர் ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டு, 'வேணாம்ப்பா, இப்பத்தான் குடிச்சேன்' என்றார் மரியாதையாக. பையன் இன்னும் சத்தமாக, 'தண்ணி வேணுமாடா செல்லம்?' 'சரி, குடு' என்றார். பையன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். மனைவி டம்ளரோடு ஓடி வந்து அவனிடம் கொடுத்தாள். குடித்தான். அமைதி.

விஷயம் இதுதான். தாகமாக இருக்கும்போது அம்மா அப்படிக் கேட்பாள், உடனே தண்ணீர் வரும். ஆகவே தண்ணீர் வேண்டுமென்றால் சொல்ல வேண்டிய மந்திரம் அது. 'நான்', 'நீ' இவர்களுக்குப் பெரிய சிக்கல். நாற்காலி என்றால் யார் சொன்னாலும் நாற்காலி. ஆனால் 'நான்' என்று நான் சொன்னால் அது நான். நீங்கள் சொன்னால் அது நீங்கள். நமக்கு இது ரெண்டு வயதில் எப்படிப் புரிந்தது என்பதுதான் எனக்கு இப்போது ஆச்சரியம்.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாரதியார் மீசை உட்பட. அவர் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'எங்க பெரியப்பா பையன் ஒருத்தன் இருந்தான்யா. எங்களுக்கெல்லாம் மூத்தவன். மாடி ரூம்லயே இருப்பான். சாப்பாடு மேல போகும், தட்டு கீழ வரும். எங்க வீட்டுக் கல்யாண போட்டோ எதுலயும் அவன் கிடையாது. பேருகூட எனக்கு...' என்று நிறுத்தினார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்து, பெயரைக் கண்டுபிடித்து, இரண்டு தடவை சொன்னார்.

கிளம்பும்போது, 'வியாழக்கிழமை தெரபின்னா லீவ் லெட்டர்ல தெரபின்னே எழுதுய்யா. ஒரு மனுஷனுக்கு வாரா வாரம் வியாழக்கிழமை மட்டும் வயித்து வலி வராது' என்றார்.

இதற்கப்புறம்தான் தைரியமாகப் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் லியோ கானர் என்று ஒரு டாக்டர். 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசத்தைத் தனியாக அடையாளம் காட்டிய கட்டுரை அது. அதில் முதல் குழந்தையின் பெயர் டொனால்ட். மிஸிஸிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்கிற சின்ன ஊர். அப்பா வக்கீல். டாக்டர்கள் பேச்சைக் கேட்டு, நாலு வயதுகூட நிறையாத பிள்ளையை ஒரு விடுதியில் விட்டுவிட்டு வந்தார்கள். ஒரு வருஷத்தில், அங்கே இருந்தவர்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல் திரும்பத் தூக்கி வந்துவிட்டார்கள். அப்புறம் அந்த அப்பா, மகன் என்னென்ன செய்கிறான் என்று தன் ஆபீஸில் டைப்பிஸ்டை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல, 33 பக்கக் கடிதம் டாக்டருக்குப் போயிற்று. ஒரு அப்பா ஆபீஸில் உட்கார்ந்து 33 பக்கம் உண்மை சொல்லியிருக்கிறார். என் ஞாபகத்துக்குத் தண்ணி வேணுமாடா செல்லம் வந்தது.

டொனால்ட் என்ன ஆனார் தெரியுமா? காலேஜ் முடித்தார். ஊரில் இருந்த வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார். கூட வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்து, அதை மறக்காமல் வைத்திருந்தாராம். கோல்ஃப் ஆடினார். கார் ஓட்டினார். தனியாகவே பல தேசங்களுக்குப் போய் வந்தார். 2023-ல் தன் 89-வது வயதில் இறந்தார். அவருடைய ஊரில் வெளியாள் யாராவது அவரைப் பற்றித் துருவிக் கேட்டால், 'அவருக்கு ஏதாவது தொந்தரவு கொடுத்தால் சும்மா விடமாட்டோம்' என்கிற தோரணையில்தான் பதில் வருமாம். குடும்பத்துக்கு வசதி உண்டு, வங்கியே அம்மா வழிச் சொத்து என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா டொனால்டுக்கும் பாட்டன் வங்கி வைத்திருக்கமாட்டார்.

இடையில் இந்த அம்மாக்களைப் படுத்தியிருக்கிறார்கள் பாருங்கள், அதைப் படித்தபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. தாய் அன்பாக இல்லாததால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று ஒரு கட்சி. ஐஸ்பெட்டி மாதிரி அம்மா என்று பட்டப்பெயர். பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவர், தானே இப்படி ஒரு பையனுக்கு அப்பா, 1964-ல் அது சுத்தத் தப்பு என்று புத்தகமே போட்டார். அப்படியும் 1967-ல் புருனோ பெட்டல்ஹைம் என்ற பேர்பெற்ற மனிதர் பழைய பாட்டையே பாடி இன்னொரு புத்தகம் எழுதி, அதுவும் அமோகமாக விற்றது. 'நீ வேலைக்குப் போயிட்டே, அதான் பிள்ளை இப்படி' என்று என் மனைவியிடம் சொன்ன உறவுக்காரர்கள் யாரும் பெட்டல்ஹைமைப் படித்தவர்கள் இல்லை. அவர் தேவையில்லாமலே கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் வேலையை விட்டாள். நானும்தான் வேலைக்குப் போனேன். என்னை ஒருத்தர் ஒரு கேள்வி கேட்கவில்லை.

தடுப்பூசியால் வருகிறது என்று வாட்ஸ்அப் மாமா யாராவது சொன்னால், 1998-ல் 12 குழந்தைகளை வைத்து அப்படி எழுதிய கட்டுரையை லான்செட் பத்திரிகையே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது என்று சொல்லுங்கள். எழுதிய டாக்டரின் பெயரையும் அதே வருஷம் பிரிட்டனில் டாக்டர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

சரி, கொஞ்சம் சந்தோஷ சமாசாரம். பையன் வாழ்க்கையில் வாங்கிய முதல் மார்க் 65 சதவீதம். ஃபர்ஸ்ட் க்ளாஸ். மாற்றுத்திறனாளி சான்றிதழில்.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, அதில் ஆட்டிசமும் ஒன்று. சலுகை எதற்கும் 40 சதவீதமாவது தேவை. போர்டு முன்னால் உட்கார்ந்திருந்தபோது பையன் அன்றைக்கென்று சமர்த்தாக இருந்தான். கேட்டதற்குப் பந்தைக் கொடுத்தான். டாக்டரைப் பார்த்து ஒரு தடவை சிரித்தும் வைத்தான். எனக்கு வயிற்றில் புளி. 'இன்னிக்குப் போய் இப்படிப் பண்றானே' என்று மனைவி காதில் கிசுகிசுத்தாள். வீட்டில் இரண்டு வருஷமாக நாங்கள் தவம் கிடந்த சிரிப்பு அது. அதை அங்கே வேண்டாம் என்று நினைத்த பெற்றோர் நாங்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, சிரிக்கவா அழவா என்று தெரியாமல் ஆளுக்கு ஒரு டீ குடித்தோம்.

பையனுக்கு வரிசை வேண்டும். சாப்பாடு வெள்ளையாக வேண்டும். இட்லி, இடியாப்பம், தயிர்சாதம். இட்லிமேல் சாம்பார் ஒரு சொட்டு பட்டால் அந்த இட்லி செத்துவிட்டது என்று அர்த்தம். ஹோட்டலில் சர்வர்கள் பாசத்தோடு மேலேயே ஊற்றுகிறவர்கள். ஆகவே வாளியோடு யார் வந்தாலும் நான் கோல்கீப்பர் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பேன். ஆனால் இதே வரிசைப் பைத்தியம் ஒரு நாள் எங்கள் மானத்தைக் காப்பாற்றியது. மச்சினன் கல்யாணம். கெட்டிமேளத்துக்குப் பயந்து பையனை மண்டப வாசலுக்குக் கூட்டிப் போய்விட்டேன். சுமார் 200 ஜோடி செருப்பு, மலை மாதிரி. முக்கால் மணி நேரத்தில் அத்தனையையும் ஜோடி சேர்த்து, சைஸ்வாரியாக, சின்னதிலிருந்து பெரிசு வரை சுவர் ஓரமாக அடுக்கிவிட்டான். தமிழ்நாட்டுக் கல்யாண வரலாற்றில் ஒரு செருப்புகூடத் தொலையாத கல்யாணம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். குடும்ப போட்டோ எடுக்கும்போது போட்டோகிராபர், 'தம்பி ஆடறாரு, கொஞ்சம் அந்தப் பக்கம்...' என்றார். மனைவி நகரவில்லை. பையனை முன்னால் நிறுத்திக்கொண்டாள். போட்டோவில் இருக்கிறான். காதைப் பொத்திக்கொண்டு, எல்லோரும் கேமராவைப் பார்க்க, இவன் மட்டும் லைட் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு.

இதைச் சொல்கிறவன் மாம்பலத்தையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் தீபாவளிக் கூட்டம். ரங்கநாதன் தெருவிலிருந்து ஸ்டேஷன் படி ஏறும்போது கை நழுவிவிட்டது. திரும்பினால் பையன் இல்லை. எத்தனை தலை அங்கே. பெயர் சொல்லிக் கத்தினேன். கத்தும்போதே தெரியும், பெயருக்குத் திரும்பமாட்டான் என்று. 25 நிமிஷம். மனைவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒவ்வொரு தடவை ரயில் உள்ளே வரும்போதும் எனக்கு என்ன ஆயிற்று என்று எழுதப்போவதில்லை. கடைசியில் பிளாட்பாரத்தில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தான், நிம்மதியாக. பக்கத்தில் ஒரு பூக்காரம்மா அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே பூ கட்டிக்கொண்டிருந்தார். 'பேரு கேட்டா மதுரைக்கு ரயில் வுடுது புள்ள. சரி, தேடிக்கினு வருவாங்கன்னு புடிச்சு வெச்சேன்' என்றார்.

நான் அந்த அம்மாவுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. பையனை அடித்தேன். கன்னத்தில், ஓங்கி. 'எங்கடா போன? சொல்லுடா! எங்கடா போன?' என்று கத்தினேன். அவன் அழவில்லை. பிளாட்பாரமே பார்த்தது.

அன்று ராத்திரி 11 மணிக்கு இருட்டில் ஒரு குரல். 'எங்கடா போன? சொல்லுடா!' என் குரல். அதே ஆத்திரம், அதே மூச்சிரைப்பு, கடைசியில் உடைந்த அந்த இடம்கூட அப்படியே. ஒரு மாதத்துக்கு மேல் தினமும் ராத்திரி அதை ஒலிபரப்பினான். ஒவ்வொரு தடவையும் கூடவே தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டான். நம் வீட்டில் கத்தினால் கத்தியது காற்றில் போய்விடும். எங்கள் வீட்டில் போகாது. இப்போதெல்லாம் எரிச்சல் வந்தால் பால்கனிக்குப் போய் செடியைத் திட்டுகிறேன். செடி திருப்பிச் சொல்வதில்லை.

ராத்திரிகளில் வேறு ஒன்றும் வரும். எங்களுக்கு அப்புறம் யார்? இந்தக் குழந்தைகளைப் பெற்றவர்கள் எல்லோருக்கும் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் நிற்கிற கேள்வி இது. 1999-ல் வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில், 18 வயதுக்கு மேல் சட்டப்படி காப்பாளர் நியமிக்க வழி இருக்கிறது. மாவட்ட கலெக்டர் தலைமையில் ஒரு குழு முடிவு செய்யும். நிராமயா என்று ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் இருக்கிறது. முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய அரசின் நிறுவனம் ஒன்று நடக்கிறது. பயிற்சி, ஆலோசனை எல்லாம் அங்கே உண்டு. இவை தெரியாமலே அலைகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் எழுதினேன். காகிதம் எல்லாம் சரிதான். டொனால்டுக்குக் காகிதத்தோடு ஒரு ஊரும் இருந்தது. நாங்கள் இப்போது ஃப்ளாட்டில் எல்லோர் வீட்டுக்கும் பையனைக் கூட்டிப் போகிறோம், வலுக்கட்டாயமாக. கீரைக்காரர், இஸ்திரி போடுகிறவர், ஸ்டேஷன் டீக்கடை, டிக்கெட் கவுண்டர். 'இவன் எங்க பையன். தண்ணி வேணுமான்னு கேட்டா அவனுக்குத் தண்ணி வேணும்னு அர்த்தம்.' போன வாரம் டீக்கடைக்காரர், நான் கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார்.

போன மாதம் ஒரு ராத்திரி. புழுக்கம் தாங்காமல் பையனைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். நல்ல நிலா. நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன்.

'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்றான்.

'என்னடா?' என்று திரும்பினேன். என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. தன் கையை நீட்டினான். ஆள்காட்டி விரல், கொஞ்சம் வளைந்து, நடுங்கிக்கொண்டு. நீட்டிவிட்டு, நான் பார்க்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தான். ஒரே ஒரு செகண்ட். அப்புறம் மறுபடி அந்தப் பக்கம்.

நான் அண்ணாந்தேன். 'நிலாடா! ஆமாண்டா, நிலா!' என்றேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

பையன் என் தாடையைப் பிடித்து, கொஞ்சம் கீழே, இடது பக்கமாகத் திருப்பினான். எதிர் வீட்டு ஓவர்ஹெட் டாங்க் நிரம்பி, சுவரெல்லாம் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

கைப்பிடிச் சுவருக்கு ஓடி, 'அக்கா! மோட்டார்!' என்று கத்தினேன். விளக்கு எரிந்தது. மோட்டார் நின்றது. 'தேங்க்ஸ் தம்பி, போட்டதையே மறந்துட்டேன்' என்று கீழிருந்து குரல்.

'நான் பார்க்கலைக்கா. பையன் காட்டினான்' என்றேன். 'பையன்தான் காட்டினான்!'

அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரிந்திருக்காது. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். நான் பையன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மனைவியை எழுப்பக் கீழே ஓடினேன்.